பூ அவருக்கு, வேர் இவளுக்கு

புளியடிச்சந்தையில் பேசப் பேச மனிதர்கள் மேல் செடி முளைக்கத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதத்தில், ஊருக்குள் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. பெயருக்குக் காரணமான புளியமரத்தை நகைக்கடை போர்டை மறைக்கிறது என்று வெட்டியாகிவிட்டது, குளத்தங்கரை வேம்புகளை ரோடு போடுகிறோம் என்று சாய்த்தாகிவிட்டது, வாசலில் நின்ற துளசியைக்கூடக் கொசு வருகிறது என்று பிடுங்கி அந்த இடத்தில் சிமெண்டு பூசியாகிவிட்டது, ஆனாலும் அந்த ஊர்க்காரர்களைப் போலப் பூவும் காயுமாகப் பேசுகிற ஜனத்தை அந்த வட்டாரத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. மகன் பரீட்சையில் தேறினால் நெஞ்சு பூத்தது என்பார்கள், மருமகள் முகம் கொடுக்காவிட்டால் மனசு வாடிப்போச்சு என்பார்கள், ஆசை துளிர்க்கும், பாசம் வேர்விடும், நட்பு காய்த்துக் கனியும். இதையெல்லாம் சொன்னவர்களில் ஒருவருக்கும் ஒரு செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பழக்கமில்லை.

முதலில் முளைத்தது ஆவுடையப்பனுக்கு. பேங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எந்தக் கல்யாணத்திலும் மைக்கை யாரும் நீட்டாமலே வாங்கிக்கொள்கிறவர். அன்றைக்கும் மண்டப மேடையில் ஏறி, "மணமக்களைக் காண்கையில் என் உள்ளமெல்லாம் பூத்துக் குலுங்குகிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு கொத்து மஞ்சள் செவ்வந்தி தலை நீட்டியது. கூட்டத்தில் ஒருவர் "நல்ல கலரு" என்றார். போட்டோக்காரர், பூ நன்றாக விழும்படி கொஞ்சம் இடதுபக்கம் திரும்பச் சொன்னார். ரெண்டாவது பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சத்தம் வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், ஆவுடையப்பனும் செவ்வந்தி ரசத்தில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே ஆளாளுக்கு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள், மளிகைக்கடைக்காரர் பெண்டாட்டியைக் கூப்பிட்டு நீ என் வாழ்க்கையில் பூத்த முல்லை என்றார், தோளில் முல்லை பூத்தது, கட்சி ஒன்றியத் தலைவர் நான் உங்களுக்கெல்லாம் நிழல் தரும் ஆலமரம் என்று முழங்கினார், இரண்டு அக்குளிலிருந்தும் விழுதுகள் இறங்கின. ஒரு கண்டக்டர் வாழை முளைத்த ஆளுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டதில் பஸ் ஸ்டாண்டில் பெரிய தகராறு நடந்தது. சலூன்காரர் கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலி வெட்டுகிற கத்திரி வாங்கினார். ஆடுகளால்தான் தொல்லை, சந்தைக்குள் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவனின் முதுகில் அவன் அண்ணன்மேல் வைத்திருந்த பாசம் முழுவதையும் ஒரு வெள்ளாடு மேய்ந்துவிட்டுப் போனது, அதற்காக ஆட்டுக்காரியிடம் சண்டைக்குப் போனவன் அண்ணனைப் போய்ப் பார்க்கவில்லை. முள் முளைக்கிற வார்த்தைகளை மட்டும் எல்லோரும் கவனமாக விழுங்கிவிட்டார்கள். உள்ளே பொறாமை இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அதை வெளியே காட்டினால் கூட்டத்தில் இடிபடும், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்தில் கேள்வி கேட்கிற பழக்கமே நின்றுபோனது. பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளை வேலை என்ன என்று கேட்பதில்லை, அவர் மேல் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்தார்கள். செத்த வீட்டில் மகன் மேல் இலை உதிரவில்லையென்றால் அவன் சம்பாதித்துப் போட்டதெல்லாம் வீண். பூ இருக்கிறவர் நல்லவர், பூ இல்லாதவர் கல், இதற்கு மேல் யோசிப்பதற்கு அந்த ஊரில் யாருக்கும் பொறுமையும் இல்லை, மூளையும் இல்லை.

அப்படிக் கல் என்று பேர் வாங்கியவள் முப்பிடாதி. சந்தைக்குப் பின்னால் மாவு அரைக்கிற மில் வைத்திருந்தாள், தலையிலிருந்து கால்வரை மாவு, மெஷின் சத்தத்தில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசினாலும் கேட்காது என்பதால் சின்ன வயதிலிருந்தே பேச்சைச் சுருக்கிக்கொண்டவள். கட்டிய புருசன் சரியில்லை என்று கண்டதும் ஒப்பாரி வைக்காமல் திரும்பி வந்துவிட்டவள் என்பதால் ஏற்கெனவே ஊருக்கு அவளைப் பிடிக்காது. தங்கச்சி வேலுத்தாய் மஞ்சள் காமாலையில் செத்தபோது, தவழ்கிற பிள்ளையை இவள் மடியில் போட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் வந்து தூக்கிக்கிடுதேன் என்று திருப்பூருக்குப் பஸ் ஏறிய தங்கச்சி புருசன் பூபதி அப்புறம் ஒரு போன்கூடப் போடவில்லை. பிள்ளை சங்கரேஸ்வரி வளர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஏட்டி சாப்பிடு, ஏட்டி எண்ணெய் தேய், ஏட்டி பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, இதைத் தவிர முப்பிடாதி அவளிடம் கொஞ்சிப் பேசினதாக யாரும் கேட்டதில்லை.

முப்பிடாதிக்கு அந்தப் பூக்களைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. மாவு வாளியோடு வருகிற ஆம்பளைகள் இலையில் மாவு படாமல் அரைத்துத் தரச் சொல்லும்போது, தள்ளி நில்லுங்க என்று சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டுவாள். ஆனால் ஒருநாள் ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் கேப்பை அரைக்க வந்து, பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோதுதான் அவள் விஷயத்தைக் கண்டாள். உலகம்மாளின் உள்ளங்காலில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ ஏறியிருந்தது, அந்த நூல் தரையோடு ஊர்ந்து வாசலைத் தாண்டித் தெருவோடு அவள் வீட்டுப் பக்கம் போனது. முன்பெல்லாம் மாவு வாளியை ஒரு கையில் தூக்குகிற பொம்பளை, இப்போது மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"வேரு. எங்க வீட்டுக்காருக்குப் பூத்திருக்குல்லா. என்னையப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொன்னாரு, படர்ந்த கொடி அது இதுன்னு. பூ அங்க பூத்தாலும் வேரு யாரைச் சொன்னாரோ அவுகமேலதான இறங்கும்? எங்க போனாலும் நீண்டு கூடவே வருது."

"பிடுங்கிப் போட்டா என்ன?"

உலகம்மாள் பயந்து தெருவை எட்டிப் பார்த்தாள். "ஒரு இழுப்புக்கு வந்துரும், கெட்டியா ஒண்ணும் இல்ல. ஆனா அவுக பூ வாடிச்சுன்னா ஊரு யாரைக் கேக்கும், சொல்லு."

அன்று சாயங்காலம் வந்த ஒவ்வொரு பெண்ணின் காலையும் முப்பிடாதி பார்த்தாள், பிள்ளைகளின் காலையும், கட்சி ஆபீசில் தலைவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிற ஆளின் காலையும் பார்த்தாள். பூவைப் புகழ்ந்துகொண்டிருந்த ஊரில் பாதிப்பேர் மண்ணாகக் கிடந்தார்கள், அவர்களுக்கும் அது தெரியும், தெரிந்தே கிடந்தார்கள், கிடப்பதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டார்கள். அவளுக்கு வந்த வெறுப்பில் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மில்லை அடைத்தாள். வீட்டுக்குப் போனதும் படித்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரியின் இரண்டு கால்களையும் தூக்கித் திருப்பிப் பார்த்தாள், அழுக்கைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன பெரியம்மா?"

"காலைக் களுவு" என்றாள் முப்பிடாதி.

பூபதி திரும்பி வந்தது இந்தச் சமயத்தில்தான். திருப்பூரில் அவன் என்ன செய்தான், ஏன் விட்டுவிட்டு வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கி, என் மகளை நினைச்சு நினைச்சு நெஞ்சுக்குள்ள ஒரு பிச்சிக்கொடி வாடாம நின்னுது அண்ணாச்சி என்று டீக்கடையில் அவன் சொன்னதும் கழுத்திலிருந்து கிளம்பிய கொடி கடைக் கூரையைத் தொட்டது, ஊர் அந்த வாசத்திலேயே விழுந்துவிட்டது. இத்தனை வருசம் பிள்ளைக்கு ஒரு பாவாடை எடுத்துத் தராதவன் மேல் இத்தனை பூ பூத்திருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை, மாறாக இவ்வளவு பாசத்தை அடக்கிக்கொண்டு எப்படித்தான் இருந்தானோ என்று பரிதாபப்பட்டார்கள். பிள்ளையை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று ஊர்க்கமிட்டியில் அவன் முறையிட்டபோது அவன் முறைதான் ஜெயிக்கும் என்று பெட்டிக்கடை வரைக்கும் பேச்சாக இருந்தது.

கமிட்டி கல்யாண மண்டபத்தில் கூடியது, கோயில் வாசலில் செடிகளுக்கு இடம் போதாது. தலைவர் தெய்வநாயகம் மண்டபத்தின் முதலாளி, நெற்றிக்கு மேல் தாமரை வைத்திருந்தார், அதற்காகத் தலையை அசைக்காமலே பேசுவார். பூபதி எழுந்து மகள் பெயரைச் சொன்னதும் கொடி மேலே ஏறி மின்விசிறியைத் தொடப் போனது, உடனே எல்லா விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள், அந்த வெக்கையில் வேர்வை வழிய வழிய உட்கார்ந்து பூ உதிராததைப் பார்த்து சந்தோஷப்பட்டார்கள். முப்பிடாதியின் அருகில் சங்கரேஸ்வரி நின்றாள்.

"மதினி, நீங்க வளத்தீங்க, நான் இல்லைங்கல" என்றான் பூபதி. "ஆனா பிள்ளைக்குப் பாசம்னு ஒண்ணு வேணும்லா."

"காய்ச்சலுக்கு மருந்து எது குடுக்கணும்னு தெரியுமா உமக்கு?" என்றாள் முப்பிடாதி.

கூட்டம் முகம் சுளித்தது. பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னதற்கு, பிள்ளைக்கு என்ன தெரியும், பூவே சொல்லுதே என்றார் தெய்வநாயகம். பிறகு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். அவருக்கு நியாயஸ்தன் என்ற பேரும் வேண்டும்.

"இந்தா பாரும்மா. ஒனக்கும் ஒரு வாய்ப்பு தாரோம். இந்தப் பிள்ளைமேல ஒனக்கு என்ன இருக்குன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லு. பூ கூட வேண்டாம், ஒரு இலை துளுத்தாப் போதும், பிள்ளை ஒங்கிட்டயே இருக்கட்டும்."

முப்பிடாதிக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் பிறந்தவள்தானே, பேசுகிற கழுதைகளை எல்லாம் கேட்டு வளர்ந்தவள், நீதான் என் வயித்துல பூக்காத பூ என்று சொன்னால் ஆளுயரத்துக்குச் செடி கிளம்பும், அதில் பொய்யும் இருக்காது. தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது அவள் கீழே பார்த்தாள், சங்கரேஸ்வரி செருப்பில்லாமல் நின்றாள், பூபதியின் வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை நூல் தரையில் ஊர்ந்து வந்து அந்தக் காலைத் தேடிக்கொண்டிருந்தது. நான் பேசினால் என் வேரும் அங்கேதான் இறங்கும், இதை ஜெயிக்கவேண்டுமானால் நானும் இவளைத்தான் குடிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. காலால் அந்த நூலை மிதித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா?" என்றார் தெய்வநாயகம், சபையைப் பார்த்து. "மொட்டைப் பாறை."

சங்கரேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை முப்பிடாதி பார்த்தாள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றதைப் போன்ற கொடுமை அவளுக்கு வாழ்க்கையில் வேறு நடந்ததில்லை. பிள்ளை அப்பனோடு போனாள்.

பூபதிக்கு அதன் பிறகு நல்ல காலம். தகப்பன் பாசம் என்ற தலைப்பில் பேசச் சொல்லி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினால்தான் கொடி செழிக்கிறது என்று கண்டுகொண்டு போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிப் போனான், பள்ளிக்கூடம் பாதிநாள் போயிற்று, போன நாட்களிலும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தாள். வளருத பிள்ளை, அப்படித்தான் மெலியும் என்று ஊர் சொன்னது. முப்பிடாதி தூக்குவாளியில் சோறு கொண்டு போய்ப் பார்த்தாள், சங்கரேஸ்வரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாளியைத் திறக்கவில்லை, இவள் முகத்தைப் பார்க்கவுமில்லை, கைவிட்டவள் மேல் பிள்ளைக்குக் கோபம். பூபதி கண்ணாடி முன்னால் கொடிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தான்.

"பிள்ளை காலைப் பாத்தீராவே?"

"மதினி, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்றான் பூபதி. "மாவு பட்டா இலைக்கு ஆகாது."

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடையில் வழக்கமாக வில்லுப்பாட்டு வைப்பார்கள், அந்த வருசம் அதை நிறுத்திவிட்டுப் பூப்போட்டி வைத்தார்கள், யார் மேல் பூத்தது அதிகமோ அவருக்கு ஷீல்டு. மத்தியானப் பூசை முடிந்ததும் மேடையில் வரிசையாக ஏறினார்கள். ஆவுடையப்பன் தாய்மொழியின் மேல் தனக்கிருந்த காதலைச் சொல்லி இரண்டு செவ்வந்தி கூடுதலாக விட்டார், ஒன்றியத் தலைவர் விழுதுகளைத் தொண்டர்கள் தூக்கிப் பிடிக்க ஏறி இறங்கினார். கடைசியில் பூபதி மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். பந்தல் கால்களில் சுற்றி, குழாய் விளக்குகளைச் சுற்றி, அம்மன் படத்தையே மறைக்கிற அளவுக்கு அவன் கொடி படர்ந்தது, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேடையில் நின்ற பிள்ளையின் காலிலிருந்து கிளம்பிய வேர் இப்போது நூலாக இல்லை, கொச்சைக் கயிறு பருமனுக்கு இருந்தது, அது முன்வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேர் கண்ணுக்கும் நேராகத் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"ஏட்டி, வலிக்கா?"

மைக்கில் பூபதி பேசிக்கொண்டேயிருந்தான். சங்கரேஸ்வரி குனிந்து பார்த்தாள். அதை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வலிக்கு."

"பிடுங்கிக்கிடு."

"அப்பா அழுவாரே."

"அழட்டும்."

பிள்ளை மேடையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வேரைப் பிடித்து இழுத்தாள், சேற்றிலிருந்து காலை உருவினால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், கையோடு வந்துவிட்டது. ஒரு ஊரே தொடப் பயந்த காரியம் அது. பந்தலில் பிச்சி முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கி, பூ பொலபொலவென்று கொட்டியது, பூபதி வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் போல ஒரு கேவலத்தைப் பார்க்கவே முடியாது. நாலைந்து பேர் ஓடிப்போய் பூபதியைத் தாங்கிப் பிடித்தார்கள், ஒருவர் துண்டால் கொடிக்கு விசிறினார், தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஒருவர் சோடாவை உடைத்துத் தண்டில் ஊற்றினார், தெய்வநாயகம் தாமரையோடு மேடையேறி பெத்த அப்பன் பாசத்தைக் கொன்னுட்டாளே பாவி என்று மைக்கில் கத்தினார், பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு வாடிய இலைகளைப் பொறுக்கினார்கள். பிள்ளையின் உள்ளங்காலில் ஓட்டை விழுந்து ரத்தம் வழிந்து மேடைப் பலகையில் தேங்கிக்கொண்டிருந்தது, அதை மிதித்துவிடாமல் தாண்டிப் போனார்களே தவிர ஒருவரும் குனியவில்லை. உலகம்மாள் மட்டும் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் கீழே குனிந்தாள், நிமிர்ந்தபோது அவள் கையில் வெள்ளையாக எதுவோ இருந்தது, அதை உதறிவிட்டுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ஆவுடையப்பனின் செவ்வந்தி தொங்கிப்போனது. அதன் பிறகு ஊரில் அங்கங்கே பூக்கள் வாட ஆரம்பித்தபோது, அது மாவு மில்லிலிருந்து பரவுகிற நோய் என்று கமிட்டி கூடி முடிவு செய்தது, வேறு என்ன செய்யும்?

முப்பிடாதி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குள்ள எடை இல்லை. பந்தலைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, வசவு காதில் விழாத இடத்துக்கு வந்ததும் மில் வாசலில் உட்கார வைத்து, முந்தானையைக் கிழித்துக் காலில் கட்டினாள். பிள்ளை கட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றாள் பிறகு. "என்னைய வேண்டாம்னுதான?"

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். வேரைப் பற்றி, மிதித்த நூலைப் பற்றி, தொண்டை வரைக்கும் வந்ததைப் பற்றி எல்லாம் சொல்லலாம், ஆனால் அவள் வாயைத் திறந்ததைக் கண்டதுமே பிள்ளை தன்னை அறியாமல் காலை மடக்கிப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது முப்பிடாதிக்கு அழுகை வந்துவிட்டது, ஒரு பிள்ளை பாசம் என்றால் காலை ஒளித்துக்கொள்கிற அளவுக்கு ஆக்கிவைத்த ஊரை அவள் மனதார வெறுத்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்ப நான் ஒனக்கு வேணுமா?"

"வேணும்."

சங்கரேஸ்வரி பாவாடையை விலக்கி, நல்ல காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலையும் திருப்பிப் பார்த்தாள், எங்கும் நூல் இல்லை. பிறகு இரண்டு காலையும் பெரியம்மாவின் மடியில் நீட்டினாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.